பிள்ளை வெளியில் நித்திரை

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்த யோகமலருக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலு மாதமாக அந்தக் கைகளில் எந்நேரமும் பிள்ளை இருந்தது. இப்போது பிள்ளை வெளியில். வெளியில் என்றால் வாசற்படிக்குப் பக்கத்தில், காற்றுப் படாத சுவரோரமாக, பனிக்கு நடுவே, ஒரு தள்ளுவண்டிலுக்குள். குசினி யன்னலுக்கு வெளிப்பக்கம் பூட்டியிருந்த வெப்பமானியில் சிவப்புக் கோடு மைனஸ் எட்டில் நின்றது. மணி பதினொன்று இருபது. ஒரு மணித்தியாலம் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். ஒரு மணித்தியாலம் என்பது என்ன, சோறு வடித்து ஒரு கறி வைக்கிற நேரம், அவ்வளவுதானே என்று காலையில் புருஷன் குலேந்திரன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டு மீன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அவனுக்கென்ன, அவன் போய்விடுவான். மகள் ஆரணி முதலில் அழுதாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதி அழுகைதான் யோகமலரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேனென்றது. முழுதாக அழுது முடித்திருந்தால் நித்திரையாகிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். பாதியில் ஏன் நிற்க வேண்டும்? மூச்சு இழுத்த இடத்தில் குளிர் உள்ளே போய் அடைத்திருக்குமோ? இல்லை, நித்திரைதான். வீட்டுக்குள்ளும் சில நேரம் அப்படித்தான், அழுதபடியே கண் சொருகிவிடும். ஆனால் வீட்டுக்குள் அவள் குனிந்து பார்ப்பாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். இங்கிருந்து பார்த்தால் வண்டிலின் கறுப்புக் கூரையின் பின்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. அது ஏதோ யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் போல நின்றது.

பச்சைப்பிள்ளையை யார் வெளியில் போடுவார்கள்? இந்த நாட்டில் எல்லோரும் போடுகிறார்கள். அதைத்தான் நேர்ஸ் இங்கெர் போன செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள். வாசலில் தொங்கவிட்டிருந்த இரண்டு கம்பளிகளையும் விலக்கி உள்ளே வந்தவள், ஒரு நிமிஷத்திலேயே தன் மேலங்கியைக் கழற்றினாள், பிறகு சுவெட்டரைக் கழற்றினாள், பிறகும் நெற்றியைத் துடைத்தாள். யன்னல் இடுக்கெல்லாம் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகி மேலே ரேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தாள். அதன் முள் இருபத்தெட்டில் நின்றது. பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், நாலு சட்டை. கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொடிப்பொடியாய் எழும்பியிருந்ததைக் கண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். யோகமலருக்கு அது என்னவென்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. வேர்க்குரு. சித்திரை வெயிலில் பிள்ளைகளுக்கு வருகிற வேர்க்குரு, துருவத்துக்குப் பக்கத்தில், வெளியில் முழங்கால் வரை பனி கிடக்கிற தை மாதத்தில். அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நேர்ஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. மெதுவாக, நின்று நின்று, குலேந்திரனுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பினான். "பிள்ளைக்குக் காத்துக் காணாதாம். அதாலதான் பகலில நித்திரை கொள்ளாமல் சிணுங்குதாம். நிறையும் அதாலதான் ஏறேல்லையாம்." "யன்னலத் திறந்துவிடச் சொல்லுறாவோ?" "இல்லை. வெளியில படுக்கப் போடட்டாம்." அவன் ஏதோ மாறி விளங்கிக்கொண்டான் என்றுதான் நினைத்தாள். "இன்னொருக்காக் கேளுங்கோ." கேட்டான். நேர்ஸ் வாசற்படியைக் கையால் காட்டினாள், இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துக் கண்ணை மூடிக் காட்டினாள். "மைனஸ் பத்து வரைக்கும் ஒண்டும் செய்யாதாம், மலர். உள்ளுக்குக் கம்பளி, கீழ ஆட்டுத்தோல், மேல சிறகு அடைச்ச பை. முகத்துக்குக் கொழுப்புக் கிறீம். கழுத்துப் பின்பக்கம் தொட்டுப் பாக்கட்டாம். அது சூடாயிருந்தால் பிள்ளை சூடாயிருக்காம்." போகும்போது நேர்ஸ் யோகமலரின் தோளைப் பிடித்து, அவளைப் பார்த்து, குலேந்திரனிடம் இன்னும் ஏதோ சொன்னாள். அதை மட்டும் அவன் சொல்லவில்லை. "என்ன சொன்னவ?" "ஒண்டுமில்லை." பிறகு, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தாயும் வெளியில போகவேணுமாம்."

தாயும் வெளியில். அதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பதினொன்று முப்பத்திரண்டு. வெப்பமானி எட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது, தலையைச் சரித்துப் பார்த்தால் எட்டு, நிமிர்ந்து பார்த்தால் எட்டரை. வானம் நீலமாகிக்கொண்டு வந்தது. இந்த நீலம் இரண்டு மணித்தியாலம் நிற்கும், ஒன்றரை மணிக்கெல்லாம் மறுபடி இருட்டிவிடும். நவம்பர் கடைசியில் போன சூரியன் இன்னும் வரவில்லை. வரும் என்று சொல்கிறார்கள், இன்னும் ஒரு கிழமையோ பத்து நாளோ, பள்ளிக்கூடத்துக்குக்கூட அன்றைக்கு விடுமுறையாம். சூரியன் வருகிறதுக்கு விடுமுறை விடுகிற ஊர். போன ஆவணியில் அவள் வந்து இறங்கியபோது இங்கே ஒரே பகலாக இருந்தது, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். நல்ல ஊர் போலத்தான் கிடந்தது. அப்போது மூன்று தமிழ்ப் பெடியளும் இருந்தார்கள். ஐந்து பேருக்குச் சமைத்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குசினியில் நிற்க அவர்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்தார்கள், வாய் ஓயாமல் கதைத்தார்கள். ஐப்பசியில் முதல் பனி கொட்டிய கிழமை மூன்று பேரும் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் பஸ்ஸில் ஏறும்போது சொன்னான்: "அக்கா, நீங்களும் வாங்கோ. இது ஆக்கள் இருக்கிற இடமில்லை." குலேந்திரன் கேட்கவில்லை. விசா விஷயம் முடியுமட்டும் வேலையை விட ஏலாது என்றான். அதுவும் சரிதான். எல்லாமே சரிதான். இந்தச் சரிகளுக்குள்ளே அவள் மட்டும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை இந்த வீட்டுக்குள் இருந்தாள். பிள்ளையோடு கதைக்கலாம். கதைத்தாள். ஆனால் போன கிழமை ஒருநாள் குலேந்திரன் வந்து "என்ன சமையல்" என்று கேட்டபோது, வாயைத் திறந்தவளுக்குக் குரல் உடனே வரவில்லை. துருப்பிடித்த குழாயைத் திறந்தால் முதலில் ஒரு உறுமல் வருமே, அப்படி வந்தது. அன்றைக்குப் பிள்ளையோடும் கதைக்காமல் இருந்திருக்கிறாள். முழு நாளும். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் பயந்துபோனாள்.

சத்தமே இல்லை. இரட்டைக் கண்ணாடி யன்னல், வெளியில் மெல்ல அழுதால் கேட்காது. அழுகிறாளோ? கதவைத் திறந்து கேட்டுப் பார்க்கலாம். நேர்ஸ் சொன்னாள், அடிக்கடி போய்ப் பார்த்தால் பிள்ளை முழித்துவிடும், விடு என்று. விடு என்று சொல்வது என்ன சொல். ஊரில் ஹெலி வருகிற சத்தம் கேட்டால் ஆளாளுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்குவார்கள். பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை ஒருநாள் அவசரத்தில் தன் பிள்ளையென்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து இறங்கினாள். இறங்கினபிறகுதான் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு இன்னும் யோகமலரின் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே ஹெலி சுற்றிக்கொண்டு நிற்கிறது, பிள்ளை வீட்டுக்குள் பாயில், இடையில் நாற்பது அடி முற்றம். கனகாம்பிகை ஏறி ஓடினாள். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்க முடியாது. பிள்ளையோடு திரும்பி வந்தாள், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளை நித்திரை கலையவேயில்லை. யோகமலர் அப்போது கலியாணம் ஆகாதவள். பயத்தில் தன் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். இப்போது அந்த நாற்பது அடி அவளுக்கு விளங்கியது. இங்கே நாற்பது அடிகூட இல்லை. கதவு, ஒரு படி, இரண்டாம் படி, வண்டில். ஹெலி இல்லை, ஷெல் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. கனகாம்பிகை ஓடினாள். நீ ஏன் இந்த யன்னலடியில் நிற்கிறாய்? நேர்ஸ் சொன்னபடி விட்டிருக்கிறேன். பொய். நேர்ஸ் சொன்னதால் இல்லை. உனக்கு அந்தப் படியில் கால் வைக்கப் பயம். காலையில் வண்டிலைக் குலேந்திரன்தான் வெளியில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். பிள்ளையைக் கொண்டுபோய் அதற்குள் வைக்க அவள் கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளேயே வைத்துக்கொண்டு, மற்றக் காலை மட்டும் நீட்டி வைத்தாள்.

அது விழுந்த நாளிலிருந்துதான். கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, குலேந்திரன் பிள்ளையோடு வீட்டில் நிற்க, அவள் பால் வாங்கவென்று கடைக்குப் போனாள். மூன்று மணி, கும்மிருட்டு. மேலே பஞ்சுபோலப் பனி, கீழே கண்ணாடி. கடைக்குப் போகிற ஏற்றத்தில் கால் எங்கே போனதென்று தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. இடுப்பில் ஒரு இடி. எழும்பப் பார்த்தாள், கை வழுக்கியது. முழங்காலை ஊன்றினாள், அதுவும் வழுக்கியது. நாலு தரம். பிறகு அப்படியே கிடந்தாள். யாராவது வருவார்கள் என்று பார்த்தாள், ஒருவரும் வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். விழுந்துவிட்டேன் என்பதற்கு அவர்களுடைய பாஷையில் என்ன? தெரியவில்லை. தெரியாததால் யாரும் வரக்கூடாது என்றும் நினைத்தாள். கடைசியில் நாலு காலில் தவழ்ந்து வேலியடிக்குப் போய் அதைப் பிடித்து எழும்பினாள். வீட்டுக்கு வந்து பால் முடிந்துவிட்டதாம் என்றாள். அதற்குப்பிறகு வெளியில் போகவில்லை. பிள்ளையோடு ஏலாது, குளிர், இடுப்பு நோ, இருட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைத்தது. எதிர்வீட்டுப் பெரிட் ஒருநாள் கதவைத் தட்டினாள், ஐம்பது வயதிருக்கும், கையில் ஏதோ துணியால் மூடிய தட்டு. யோகமலர் கம்பளிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாள். அவள் போனபிறகு பார்த்தால் தட்டு படியில் இருந்தது, இனிப்பு அப்பம் மாதிரி ஏதோ, சூடு ஆறாமல். சாப்பிட்டார்கள். தட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம். இனிக் கொடுக்கவும் ஏலாது, இவ்வளவு நாளும் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால்?

பதினொன்று நாற்பத்தெட்டு. பனி கொட்டத் தொடங்கியது. பெரிய பெரிய துகள்கள், அவசரமில்லாமல். வண்டிலின் கறுப்புக் கூரை முதலில் புள்ளி புள்ளியாகி, பிறகு சாம்பலாகி, வெள்ளையாகிக்கொண்டு வந்தது. பனி கொட்டினால் என்ன செய்வதென்று நேர்ஸ் சொன்னாளா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ரெலிபோன் எடுக்கலாம், துரொம்சோவில் இருக்கிற கமலினி அக்காவுக்கு. நேற்று எடுத்தபோது அவ பெரிதாகச் சத்தம் போட்டா. "உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர உடம்பு வேறயடி. எங்கட பிள்ளையள் குளிர் தாங்குமே?" பிறகு தானே குரலைத் தணித்து, "ஆனா சொன்னபடி செய்யாட்டில் அவைக்கும் பிடிக்காது. பாத்துச் செய்" என்றா. பாத்துச் செய். எதைப் பார்த்து? எங்கட பிள்ளை. ஆரணி எங்கட பிள்ளைதானா? அவள் பிறந்தது இந்தத் துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கப்பலில் போகிற ஆஸ்பத்திரியில். அவள் வெயிலே கண்டதில்லை. புரட்டாதியில் பிறந்து இரண்டு கிழமை கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் கண்டிருப்பாள், அவ்வளவுதான். வேர்வை என்றால் அவளுக்கு இந்த ஹீற்றரின் வேர்வைதான் தெரியும். அதையும் அவள் விரும்பவில்லை, அழுதாள், நிறை ஏறாமல் கிடந்தாள். நான்தான் அவளை ஒரு சித்திரை மாதத்துக்குள் போட்டு அடைத்து வைத்திருந்தேன். யாருக்காக? யன்னல் கண்ணாடி அவள் மூச்சில் புகை பிடித்தது. கையால் துடைத்தாள். துடைத்த இடத்துக்குள்ளே, வண்டிலின் கூரைமேல், ஏதோ இருந்தது.

கடற்பறவை. மீன் தொழிற்சாலைக் கழிவுக்காகச் சுற்றித் திரிகிற அந்தப் பெரிய வகை, கோழியைவிடப் பெரிது, மஞ்சள் அலகின் நுனியில் இரத்தம் பட்டதுபோல ஒரு சிவப்புப் பொட்டு. கூரைமேல் காலை மாற்றி மாற்றி வைத்தது. கழுத்தை வளைத்து, தலைகீழாக, வண்டிலுக்குள்ளே எட்டிப் பார்த்தது. அதற்குப்பிறகு என்ன செய்தாளென்று யோகமலருக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. கம்பளி முகத்தில் உரசியது, கதவு சுவரில் அடிபட்டது, தன்னுடைய குரல், அந்தத் துருப்பிடித்த குரல், வெளிக் காற்றில் ஓங்கிக் கேட்டது. "சூ! போ! போ அங்கால! நாசமாய்ப் போவாய், போ!" இரண்டு கையையும் வீசினாள். பறவை அவளை ஒரு கணம் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, சிறகை விரித்து, பெரிய சத்தத்தோடு எழும்பிப் போனது. அவள் வண்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஆரணி நித்திரையில்லை. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் பழுத்த கொய்யாவின் உட்சதைபோலச் சிவந்திருந்தன. இமை மயிரில் ஒரு துகள் ஒட்டியிருந்தது. கூரை விளிம்புக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்த பனியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக, அது எங்கே போகிறதென்று விசாரிப்பதுபோல. யோகமலர் அவசரமாக விரலைக் கொடுத்துக் கழுத்தின் பின்பக்கம் தொட்டாள். சூடு. அப்போதுதான் சுட்ட ரொட்டியை மூடி வைத்த துணிக்குள் கை விட்டதுபோல. தாயின் விரல் குளிர்ந்திருந்ததால்தான் பிள்ளை முகத்தைச் சுளித்தது. மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை. அவள் இல்லாமலே நன்றாக இருந்திருக்கிறது. அது மார்பில் எங்கோ ஒரு இடத்தில் சுருக்கென்று குத்தியது. நிம்மதியோடு சேர்ந்தே குத்தியது. எனக்கு மட்டும்தான் இது அந்நியம், மகளே. உனக்கு இதுதான் ஊர்.

பின்னால் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. கிளிக் என்று ஒரு சின்னச் சத்தம். அந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பு உள்ளே ஆணியில். யோகமலர் படியில் ஏறித் தள்ளிப் பார்த்தாள், தோளால் இடித்துப் பார்த்தாள். பிறகு தன்னைக் குனிந்து பார்த்தாள். வீட்டுச் சட்டை, மெல்லிய சுவெட்டர், காலில் சப்பாத்தில்லை, மேசு மட்டும். மேசு நனைந்து, பாதம் சுட்டது. சுடுவதுபோலத்தான் இருந்தது, பிறகுதான் அது குளிர் என்று தெரிந்தது. குலேந்திரன் வர ஐந்து மணித்தியாலம். ஆட்டுத்தோலும் சிறகுப் பையும் கம்பளியுமாகப் பிள்ளை சுகமாகக் கிடக்க, தாய் மைனஸ் எட்டில் மேசோடு நின்றாள். அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது, பல் கிட்டிக்கொண்டதால் அது பாதியில் உடைந்தது. பெரிட்டின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். என்ன சொல்வது? கதவு. பூட்டு. திறப்பு. ஒன்றுக்கும் சொல் தெரியாது. வண்டிலைத் தள்ளினாள், சக்கரம் பனிக்குள் புதைந்தது. மறுபடி தள்ளினாள். நிமிர்ந்தபோது பெரிட் ஏற்கெனவே பாதையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தடித்த மேலங்கி. அவளுடைய சொந்தச் சப்பாத்தின் கயிறுகூடக் கட்டவில்லை, இரண்டு பக்கமும் இழுபட்டன. "கொம், கொம்," என்றாள், வா என்பதுதான். அங்கியை யோகமலரின் தோளில் போட்டு, வண்டிலின் மறுபக்கத்தைத் தான் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைத் தூக்குகிறதும் இழுக்கிறதுமாகக் கொண்டுபோனார்கள். நான் தட்டவேயில்லையே, கூப்பிடவேயில்லையே, எப்படி இவ்வளவு கெதியாக வந்தாள் என்று யோகமலர் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பெரிட் வண்டிலைத் தன் வீட்டு யன்னலுக்குக் கீழே காற்றுப் படாத இடத்தில் நிறுத்தினாள், கூரையின் பனியைத் தட்டினாள், பிள்ளையிடம் ஏதோ சொன்னாள், தாயை மட்டும் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிட்டின் குசினியில் கோப்பி மணத்தது. ஒரேயொரு கதிரைதான் யன்னலடியில் கிடந்தது, மற்றவை மேசையைச் சுற்றி இருந்தன. பெரிட் அவளை அந்த யன்னல் கதிரையில் இருத்தி, நனைந்த மேசுகளை இழுத்துக் கழற்றி, பாதங்களைத் தன் மடியில் வைத்து, கரடுமுரடான ஒரு துவாயால் தேய்த்தாள். யோகமலர் கூச்சத்தில் காலை இழுத்தாள், அவள் விடவில்லை. கதிரையின் கையில் பாதி பின்னிய ஒரு கம்பளித் தொப்பி கிடந்தது. யன்னல் கட்டையில் கோப்பி, ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. யோகமலர் தற்செயலாக வெளியே பார்த்தாள். பாதைக்கு அப்பால் அவளுடைய வீட்டு வாசற்படி நேரே தெரிந்தது. காலையிலிருந்து வண்டில் நின்ற இடம், பனியில் அதன் நாலு சக்கரத்தின் தடம். அவளுடைய குசினியிலிருந்து தெரிந்தது கூரையின் முதுகு மட்டும்தான். இந்தக் கதிரையிலிருந்து வண்டிலின் வாய் தெரிந்திருக்கும், பிள்ளையின் முகம் தெரிந்திருக்கும். அவள் பெரிட்டைப் பார்த்தாள். பெரிட் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் ஒரு பழைய படம். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட பெரிய வள்ளம், அதன் அடிப்பலகையைத் துளைத்து ஒரு புகைக்குழாய், முன்னால் ஏழெட்டு வயதுப் பெட்டையொன்று பெரிய ஆளின் சப்பாத்தோடு. எல்லாப் பக்கமும் பனி. அவள் பார்ப்பதைப் பெரிட் கண்டாள். எழும்பிப் போய் அந்தப் பெட்டையின்மேல் விரல் வைத்து, "யை" என்றாள். நான். அந்தச் சொல் யோகமலருக்குத் தெரியும். பிறகு பெரிட் கையை விரித்துக் கரை முழுவதையும் காட்டினாள், வீடுகளை விரலால் கூரையாக வரைந்தாள், ஒவ்வொன்றையும் வாயால் ஊதி நெருப்பு எழுப்பினாள். எல்லாம். பிறகு வள்ளத்தைத் தட்டிக் காட்டினாள். இதற்குள்ளே, குளிர்காலம் முழுவதும். "கிறீக்," என்றாள். அதுவும் தெரியும். அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணைக்குப் போகுமுன் குலேந்திரன் அந்தச் சொல்லை முப்பது தரம் சொல்லிப் பழகினான், சோறு போட்டுக்கொண்டே அவளும் பழகினாள். யுத்தம். "கிறீக்," என்று யோகமலரும் சொன்னாள், தன் நெஞ்சில் கையை வைத்து. பெரிட் தலையை ஆட்டினாள். மேசையடியிலிருந்து இன்னொரு கதிரையை இழுத்து யன்னலுக்குக் கிட்டப் போட்டாள். ஆறின கோப்பியைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் புதுசாய் இரண்டு கோப்பை வார்த்துக்கொண்டு வந்து அதில் இருந்தாள். கீழே வண்டிலுக்குள் ஆரணியின் கண்கள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தன. யோகமலர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். வந்தது தமிழ்தான்.

"நான் வந்து அஞ்சு மாசமாச்சுதக்கா," என்றாள். "ஒருத்தரோடயும் கதைக்கேல்ல."

பெரிட் கதிரையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள், ஒரு கண் வெளியில் வண்டிலில் இருக்க, "யா," என்றாள், மேலே சொல் என்பதுபோல. யோகமலர் சொல்லத் தொடங்கினாள்.